பிரகாசத்தாரின் பி.எம்.எக்ஸ்

வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட ஒரு வயற்கிராமத்தில் இருக்கும் அருட்பிரகாசத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. மன்னார் ரவுனில் கந்தோர் உத்தியோகம். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவார். மிச்ச நேரத்தில் புதிது புதிதாக எதையாவது தொடங்குவார். காடை வளர்த்தார், அதைக் கறியாக்கி முடித்தது மனைவி ஜெயனி. காளான் போட்டார், அழுகியதை அள்ளிக் கொட்டியதும் ஜெயனிதான்.

ஜெயனி நாலு கிலோமீற்றர் தள்ளி ஒரு முன்பள்ளியில் ரீச்சர். போக வர ஒரு கறுப்பு லேடீஸ் சைக்கிள் வைத்திருந்தாள்.

பி.எம்.எக்ஸ் கதை எண்பத்தைந்தில் தொடங்குகிறது. கோயில் திருவிழாவுக்கு ரவுனிலிருந்து வந்த டொக்டரின் மகன், பி.எம்.எக்ஸ் என்னும் குட்டிச் சைக்கிளின் முன்சில்லைத் தூக்கித் தூக்கி வீதியில் ஓடிக் காட்டினான். பதின்மூன்று வயதுப் பிரகாசம் ஒரு ரவுண்ட் கேட்டான். "உனக்கு ஓடத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு யுத்தம் வந்து, இரண்டு வீடு போய், முகாமில் இருந்து, திரும்பி வந்து கூரையும் போட்டாயிற்று. அதெல்லாம் பிரகாசத்தாருக்கு ஆறிவிட்டது. அந்த ஒரு ரவுண்ட் மட்டும் ஆறவில்லை.

போன வருஷம் மன்னாருக்குப் பக்கத்துத் தாராபுரத்தில், அலியாரின் பழைய இரும்புக் கொட்டிலில், ஒரு பி.எம்.எக்ஸ் சட்டமும் இரண்டு றிம்மும் துருவேறிக் கிடப்பதைக் கண்டார்.

"ஆருக்கு ஐயா, புள்ளைக்கா?" என்று அலியார் கேட்டார்.

"எனக்குத்தான்."

அலியார் அவரை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை அளந்தார். "அல்லாஹ் காப்பாத்தட்டும்" என்று சொல்லிச் சட்டத்தைத் தூக்கிக் கொடுத்தார். பிரகாசத்தார் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டு, பச்சைக் குழந்தையை மடியில் வைப்பதுபோல் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. ஆணிகளும் நட்டுகளும் ஜெயனியின் புட்டுப் பானைக்குள் வினாகிரியில் ஊறின. சாப்பாட்டு மேசையில் சட்டம் படுத்தது. சாப்பிடுகிறவர்கள் நிலத்தில் இருந்தார்கள். சோளகக் காற்று அடிக்கும் ஒரு பின்னேரம் பார்த்து, முற்றத்தில் வைத்துப் பொன் நிறம் ஸ்பிறே பண்ணினார். பாதி சட்டத்தில் பிடித்தது, மீதி கொடியில் காய்ந்த ஜெயனியின் பள்ளிச் சேலையில் பிடித்தது. "பரவாயில்லை, சட்டத்தில வடிவா ஏறியிருக்கு" என்றார்.

இத்தனைக்கும் கேட்டு நடத்த ஒரு குருவும் வாய்த்தான். லண்டனிலிருந்து பழைய பி.எம்.எக்ஸ்காரருக்கு வாட்ஸ்அப் குழு நடத்தும் லக்சன். எண்பத்தைந்தில் பிறந்திருக்கவே மாட்டான். எண்பத்தைந்து மொடலில் எந்த ஆணி எந்தப் பக்கம் திரும்பும் என்று அவனுக்குத்தான் தெரியும். பொன் நிறத்தைக் கண்டதும், "அண்ணை, இந்தக் கலர் கொம்பனியில வரயில்லையே" என்று எழுதினான். "இது கஸ்டம், என்ர விருப்பத்துக்கு அடிச்சது" என்று பிரகாசத்தார் பதில் போட்டார். அந்தச் சொல்லைப் படித்த நாள் முதல் அவர் செய்த பிழைக்கெல்லாம் அதுதான் பெயர்.

சாமான் தட்டுப்பாடானபோதுதான் அவருடைய கண் ஜெயனியின் சைக்கிளில் விழுந்தது. முதலில் பெடல் இரண்டும் போயின. "ரண்டு நாள் பொறும்" என்றார். பிறகு சீற், பிறேக் கம்பி, பின்சில்லுக் குண்டுகள். கடைசியாக செயின். செயின் நீளமாக இருந்ததால் ஆறேழு கண்ணியை வெட்டி எறிந்துவிட்டே பூட்டினார். குழுவுக்கு, "முழுக்க ஒரிஜினல், யப்பான் சாமான்" என்று படம் போனது. முப்பத்தொரு பேர் கைதட்டினார்கள். கறுப்புச் சைக்கிள் உரித்த கோழியாய்க் கிணற்றடியில் சாய்ந்து கிடந்தது.

ஜெயனி நடந்தாள். கால்வாசித் தூரம் மணல், மிச்சம் குளக்கட்டு. எவ்வளவு வெள்ளன வெளிக்கிட்டாலும், வீட்டு வேலை முடித்து எட்டு மணிப் பள்ளிக்கு நடந்துபோக எட்டரையாகிவிடும். மேற்பார்வைக்கு வரும் அதிகாரி அம்மா மூன்று தரம் வரவுக் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டுவிட்டா. நாலாவது கோடு விழுந்தால் அந்த இடத்துக்கு வேறு ரீச்சரை எடுப்போம் என்றும் சொல்லிவிட்டா. பதினொரு வருஷ வேலை.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஜெயனி கேட்டாள்: "இஞ்சருங்கோ, நாளைக்கு மேற்பார்வை மிஸ் எட்டு மணிக்கே வாறாவாம். என்ர சைக்கிளைப் பூட்டித் தாங்கோவன்."

"செயினை வெட்டிப்போட்டன். சனிக்கிழமை புதுசு வாங்குவம். ஒரு நாளில என்ன குடி முழுகப் போகுது?"

ஜெயனி எழும்பித் தன் கோப்பையைக் கழுவி வைத்தாள். வாய் பேசாத பெண்சாதியைக் கண்டால் புத்தியுள்ளவன் பயப்படுவான். பிரகாசத்தார் இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொண்டார்.

வியாழன் காலை, இளவெயிலில் ஒரு படம் வேண்டும் என்று லக்சன் கேட்டிருந்தபடியால், போனோடு முற்றத்துக்கு வந்தார். வண்டியை மூடிய துணி மடித்துக் கொடியில் கிடந்தது. வண்டியைக் காணவில்லை. படலையிலிருந்து வீதிக்கு, இருபது அங்குலச் சில்லு மணலில் கோடு கிழித்துப் போயிருந்தது.

"ஐயோ, பெயின்ற் உரியப்போகுது!" என்று சாரத்தோடு ஓடினார். கொஞ்சத் தூரத்தில் ஓட்டம் நடையாகியது. மணல் செருப்பைப் பிடித்து இழுத்தது. குளக்கட்டில் ஏறியதும் வெயில் முகத்தில் அறைந்தது. கந்தோர் பஸ் போகும் சத்தம் தூரத்தில் கேட்டது. பாதி வழியில் நின்று முழங்காலைப் பிடித்தார். இவள் இதை எத்தனை மாதமாக நடக்கிறாள் என்று அவர் எண்ணிப் பார்த்தது அப்போதுதான். பங்குனி, சித்திரை, வைகாசி. அதற்கு மேல் எண்ண அவருக்குக் கூச்சமாக இருந்தது.

முன்பள்ளி வேலியில் பொன்வண்டி சாய்ந்து நின்றது. ஹாண்டிலில் சாப்பாட்டுப் பை தொங்கியது. பெயின்ற் இரண்டிடத்தில் உரிந்திருந்தது. நாலு வாண்டுகள் அதில் ஏறி இறங்கின. உள்ளே அதிகாரி அம்மா கொப்பியை மூடிக்கொண்டிருந்தா. ஏழு ஐம்பதுக்கு ஜெயனி வைத்த கையெழுத்துக்குக் கீழே சிவப்புக் கோடு இல்லை.

வாசலில் சாரமும் வியர்வையுமாக மூச்சு வாங்கிய ஆளை அதிகாரி அம்மா கண்டுவிட்டா. "ஆர் ரீச்சர் இது?"

ஜெயனி திரும்பி, அவரை ஆற அமரப் பார்த்தாள்.

"சைக்கிள் திருத்திற ஆள், மிஸ்."

"நல்லதாப் போச்சு. பிள்ளையளின்ர மூண்டு சில்லுச் சைக்கிள் மாசியிலயிருந்து உடைஞ்சு கிடக்குதெண்டு எழுதியிருக்கிறீங்களே, அதையும் பாக்கச் சொல்லுங்கோ."

நான் புருஷன் என்ற சொல் பிரகாசத்தாரின் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால், ரீச்சரின் சைக்கிளைக் கழற்றினது ஆர் என்ற கேள்வியும் வரும். மாசியில் ஜெயனி இந்த மூன்று சில்லைப் பார்க்கச் சொன்னபோது, "அது என்ர லெவல் வேலை இல்லை" என்றதும் நினைவுக்கு வந்தது. வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. சாரத்தை மடித்துக் கட்டி மணலில் குந்தினார்.

அதிகாரி அம்மா உள்ளே போனதும் ஜெயனி ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"கெதியா முடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ," என்றாள். "வெயில் ஏறினா நடக்கேலாது. குளக்கட்டில ஒரு மரமும் இல்லை."