சிவப்பு மட்டும் தனியாக

என் அம்மா கலந்துகொண்ட ஒரே அறிவியல் விவாதம் உத்தமபாளையத்தில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. எதிர்த்தரப்பில் நான் இருந்தேன். அப்போது எட்டாம் வகுப்பு. அம்மாவைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தால் நான் விடுவதில்லை. அதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

அறிவியல் கண்காட்சி. முதல் பரிசு வாங்குகிறவர்கள் தேனியில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம். போயே தீருவது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கம்பத்தில் துணிக்கடை வைத்திருந்த மாமாவிடம் கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு இருந்தது. மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து அதன் கீழே வைத்தால் பச்சை கலந்து பளீரென்று ஒளிரும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டில் நல்ல மஞ்சள்தூள் கேட்டால் திட்டு விழும். எனவே வேறு ஒரு டப்பாவில் கைவைத்தேன்.

வீட்டுக்கு வரும் பெண்களுக்கு நீட்டுகிற இரட்டைக் கிண்ணத்தில் ஒரு குழியில் மஞ்சளும் மறு குழியில் குங்குமமும் இருக்கும். குங்குமம் தொட்ட விரலை அவசரத்தில் மஞ்சளிலும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படிக் கலந்துபோன மஞ்சளை அம்மா சாமிக்கு வைக்கமாட்டாள். கொட்டவும் மனசு வராமல் தனியே ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பாள். நான் எடுத்தது அதைத்தான்.

விளக்கைப் போட்டேன். பச்சையைக் காணோம். டம்ளர் முழுக்க ஆரஞ்சு நிறம் தகதகவென்று எரிந்தது.

டீச்சர் யார் யாரிடமோ விசாரித்துவந்து, மஞ்சள் வாங்கிய வெளிச்சம் கடைக் குங்குமத்தில் சேர்க்கிற சாயத்துக்குப் போய்விடுகிறது என்றார். போதாதா? 'மஞ்சள் கொடுக்கிறது, குங்குமம் ஒளிர்கிறது' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒரு டம்ளரில் நல்ல மஞ்சள், இன்னொன்றில் மஞ்சளோடு குங்குமம்.

கல்லூரியிலிருந்து வந்த நடுவர் என் மேசைக்கு வந்த நேரத்தில் அம்மாவும் வந்து சேர்ந்தாள். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வேலையை அரைநாளோடு முடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்திருந்தாள். நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்து முடித்தேன். நடுவர் தலையாட்டினார். பரிசு என் கைக்கு வந்துவிட்டது போலத்தான் இருந்தது.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அம்மா.

வேண்டாம் என்று அவளுக்குக் கண்ணைக் காட்டினேன்.

"மஞ்சத்தண்ணியில செவப்ப ஊத்துனா செவப்பாத்தான தெரியும்? இதுல மஞ்ச என்னத்தக் குடுத்துச்சு? செவப்பு மட்டும் தனியா வெச்சுக் காட்டச் சொல்லுங்க."

பெட்டியில் மேலாக நல்ல குலையை அடுக்கி, அடியில் சொத்தையை வைக்கிற ஆட்களோடு வருஷக்கணக்காகப் பழகியவள். எதையும் கவிழ்த்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். ஆனால் பெற்ற மகளையா, நாலு பேர் முன்னால்?

"நல்ல கேள்வி. காட்டும்மா" என்றார் நடுவர்.

அதுவரை நான் அதைச் செய்துபார்த்ததே இல்லை. வெறும் ஸ்பிரிட்டை ஊற்றி, அதே அளவு குங்குமம் போட்டுக் கலக்கினேன். இதுவும் அதே மாதிரி எரிந்துவிட்டால் மஞ்சள் எதையும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். தேனியும் இல்லை, ஒன்றும் இல்லை. விளக்கைப் போட்டேன். டம்ளர் மங்கலாக, உயிரில்லாமல் நின்றது. பக்கத்தில் மஞ்சள் கலந்த டம்ளர் நெருப்பாக எரிந்தது.

ஊதா ஒளியை வாங்க அந்தச் சாயத்துக்கு அவ்வளவாகத் தெரியாது. மஞ்சளின் மூலக்கூறு நன்றாக வாங்கும். வாங்கியதைத் தானே ஒளியாக வெளியே விடலாம். சாய மூலக்கூறு ஒட்டினாற்போல் பக்கத்தில் இருந்தால், ஒளியாக விடாமல் அப்படியே கைமாற்றியும் விடலாம். கொடுத்தது மங்கும், வாங்கியது ஒளிரும்.

"நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று நடுவர் அம்மாவைக் கேட்டார்.

"அஞ்சாப்பு, சார்."

முதல் பரிசு எனக்குக் கிடைத்தது. ஆனாலும் திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவோடு நான் பேசவில்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று கோபம். அந்தக் கேள்வி வந்திராவிட்டால் நான் காட்டியது வெறும் வண்ண வேடிக்கை, பரிசே அந்த மூன்றாவது டம்ளருக்குத்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

காமயகவுண்டன்பட்டி விலக்குப் பக்கம் அம்மாவே பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏத்தா, ரெண்டு டம்ளரையும் கலக்காம ஒட்டி வெச்சாக் குடுக்காதா? எம்புட்டுக் கிட்டத்துல இருந்தாக் குடுக்கும்?"

"சும்மா வாம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதில் எனக்குத் தெரியாது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு மூலக்கூறுகளும் தலைமுடியின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் கைமாறும் வேகம் அறுபத்து நாலில் ஒரு பங்காகிவிடும். அந்தத் தூரத்தை அளப்பதுதான் இன்று எனக்குத் தொழில். என் ஆய்வேட்டின் முதல் வரியில் இருப்பது அம்மா பஸ்ஸில் கேட்ட கேள்வி; எழுத்துத் தமிழில் மாற்றியதுதான் என் பங்கு.