ஒன்பது எண்ணும் வரை

கள்ளிக்காட்டில் பிறந்து, பாறசாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை நடத்தி, அப்பா இல்லாத வீட்டில் எனக்கு அப்பாவாகவும் இருந்த அண்ணன் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. அவருடைய நற்குணங்களை இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். தங்கையான எனக்கோ எழுத உட்கார்ந்தால் அற்ப விஷயங்களே நினைவுக்கு வருகின்றன.

நாட்காட்டித் தாளை முந்தின நாள் சாயங்காலமே கிழித்துவிடுவார். பப்படத்தைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில்தான் தின்பார். பத்தாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்தி என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியவர், அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் சினிமாப் பேச்சு வந்தால் விடமாட்டார். பாட்டுதான் படம், கதை அதற்கு இடைஞ்சல் என்பார். கதாநாயகனைவிட அடிவாங்கும் அடியாட்களுக்குத்தான் உழைப்பு அதிகம் என்று கல்யாண வீடுகளில் சண்டைக்கு நிற்பார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நகைச்சுவைக் காட்சியில் யாராவது வழுக்கி விழுந்தால்தான் பெரும்பாடு. நெய்யாற்றின்கரை தியேட்டரே சிரிக்கும்போது, விழுந்தவனுக்கு யாராவது கை கொடுக்கும் வரை அண்ணன் விரல் மடக்கி எண்ணுவார். பெரும்பாலும் யாராவது கொடுப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

"இவ்வளவு ஆளு நிக்குது. ஒருத்தனுக்கும் கை இல்லியா?" என்று சத்தமாகக் கேட்பார். முன்வரிசை திரும்பிப் பார்க்கும்.

"சினிமாவாக்கும் அண்ணா. சும்மா இருங்க" என்று அதட்டியிருக்கிறேன்.

என் மகளின் நிச்சயதார்த்தம் பனச்சமூட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். புகைப்படத்துக்காக மேடையில் உட்கார்ந்திருந்த அண்ணன், பின்னால் வந்த ஒருவருக்கு இடம் விட்டு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தினார். அதன் பின்கால்கள் மேடை விளிம்பைத் தாண்டிவிட்டன. இரண்டு காலும் மேலே போக, வேட்டி முகத்தில் விழ, மல்லாக்கக் கீழே போனார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கழுத்தெலும்பு முறிந்திருந்தது. அதன் பிறகு கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

அன்று சாயங்காலமே அவர் விழுந்த காட்சி, வேடிக்கையான இசை சேர்த்து, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. விழுந்ததோடு முடிந்துவிடும் சின்னத் துண்டு. அனுப்பியவருக்கு அப்போது நிலைமை தெரியாது என்றே நம்புகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு யாரோ சொல்லி அண்ணனுக்கும் அது தெரிந்துவிட்டது.

"முழுசா எடுத்தது உண்டா? காட்டு மக்கா."

"வேண்டாம் அண்ணா."

"விழுந்தது நானாக்கும். எனக்குப் பாக்கணும்."

நிச்சயதார்த்தத்துக்கு வீடியோ எடுத்தவர் தந்திருந்த முழுப் பதிவைக் காட்டினேன். விரல் மடங்காது என்பதால் உதட்டால் எண்ணினார். பந்தி பரிமாற வந்த ஒரு பெண் பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்தபோது, "ஒம்பது" என்றார்.

திரும்பவும் போடச் சொன்னார். இந்தமுறை எண்ணவில்லை.

"சத்தமா சிரிக்கது நீதானே? நீ இப்பிடிச் சிரிச்சு நான் கேட்டு எத்தன நாளாச்சு."

அவர் முகத்தில் கோபமே இல்லை. கோபித்திருக்கலாம்.

ஏழு மாதம் கிடந்தார். முதுகில் புண் வந்தது, பிறகு நெஞ்சில் சளி கட்டியது. அண்ணியும் நானும் பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு நின்றது.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், அண்ணனைப் புரட்டிப் படுக்கவைக்க முறைவைத்து வந்த பக்கத்து வீட்டாருக்கும், இரவு பகல் பாராத அண்ணிக்கும் எங்கள் நன்றி. அந்தத் துண்டு இன்னும் யார் போனிலாவது இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சமையல்காரரிடம் விசாரித்தேன். பொழியூர்ப் பக்கத்துப் பெண், அன்று ஒரு நாள் வேலைக்கு வந்தவர், பெயர் தெரியாது என்றார். வீடியோவில் அவருடைய பச்சைச் சேலையும் கையும்தான் தெரிகின்றன. பந்தி நடக்கும் இடத்திலிருந்து மண்டபத்தின் முழு நீளமும் ஓடிவந்தார்.

நான் அண்ணனுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தேன்.