மட்டாஞ்சேரியில் ஒரு ஓடு பாக்கி

இந்த வருஷம், 1983, ஆடி மழையில்தான் நான் முதன்முறையாகக் கொச்சிக்குப் போனேன். அங்கே போய்வந்த லாரி டிரைவர் ஒருவர், "உங்க அக்கா வீட்டுக் கூரை விழுந்துருச்சுங்க" என்றார். மலையாளத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள் அக்கா. அப்பாவுக்குப் பயந்து எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது அப்பா இல்லை. அவளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று கிளம்பினேன்.

கோவையில் காலை ரயில் ஏறினால் ஆலுவா தாண்டி மத்தியானம் எர்ணாகுளம். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு அரைமணி நேரப் படகு. பஸ் வேண்டாம், ஊரைச் சுற்றும். கொச்சங்காடிக் கிடங்குகளைத் தாண்டுவதற்குள் மிளகு நெடியில் தும்மித் தீர்த்துவிட்டேன்.

அக்கா வீட்டில் பார்த்தால் புத்தம்புது ஓடு! "அச்சன் போட்டுக் குடுத்தாருடா" என்றாள். அச்சன் என்றால் அங்கே பாதிரியார். கடல் ஏறினால் கஞ்சி காய்ச்சி ஊற்றுவதும், விழுந்த வீடுகளைத் தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு எழுப்புவதும் அவர் நடத்தும் சங்கத்தின் வேலை. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் கூரையில் ஓர் ஓட்டளவு திறப்பு. கீழே குண்டானில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்!

சாயா கிளாஸோடு வந்த அச்சனிடம் பாய்ந்தேன். "இதென்னங்க அரைகுறை வேலை?"

"ஓடு அவிடெ இருக்கு, மோனே" என்று மூலையைக் காட்டினார். "நம்ம சங்கத்து வழக்கம் இது. கடைசி ஓட்டை வீட்டுக்காரியோட பிறந்த வீட்டு ஆள்தான் வைக்கணும். பொண்ணு எப்படி இருக்குன்னு வந்து பார்க்கணுமில்லே? எல்லா வீட்டுக்கும் ஆள் வந்தாச்சு. இவளுக்கு வரல்லே. நானே வைக்கறேன்னு சொன்னேன், கேக்கல்லே. தம்பி வரும்னு ஒரே பிடிவாதம்."

அத்தான் ஜோசப் ஏணியைச் சாத்தினார். "மெல்ல ஏறு அளியா. ஓடு நனைஞ்சிருக்கு." அளியா என்றால் அங்கே மச்சான்.

ஓட்டோடு மேலே ஏறி, திறப்பு வழியாகக் கீழே பார்த்தேன். அண்ணாந்து நின்ற அக்கா அழுதுகொண்டே அதட்டினாள்: "நேரா வைடா, எருமை! கோணலாப் போகுது பாரு." என் கண்ணும் மறைத்தது. மழை என்று அத்தானிடம் புளுகிவிட்டேன். கூட்டிப்போக வந்த கதையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போகிறவர்களுக்கு: குடை கட்டாயம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அச்சன் கஞ்சி ஊற்றாமல் விடமாட்டார், வயிற்றில் இடம் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண் யாராவது அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தால், மழை வரும்வரை காத்திருக்காதீர்கள்.