உஷாரண்ணன் தராத அசல்

கடைக்குள் நுழைந்ததும் உஷாரண்ணன் முதலில் கிளறிப் பார்ப்பது குப்பைத் தொட்டியைத்தான். பாழாய்ப்போன அச்சு ஏதாவது கசங்கிக் கிடந்தால் விரித்து, தன் படம் இல்லை என்று உறுதியான பிறகே நாற்காலியில் உட்காருவார். அதையும் கம்ப்யூட்டர் திரை தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்வார். அச்சுக்கடைக்காரிக்கு இது பழகிப்போன கூத்து. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. உஷாரண்ணன் என்பது அவள் வைத்தது.

பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலை முடிந்தால் டேப்லெட்டில் படம் வரைவார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை. ஆனால் மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, அவருக்குப் படம்தான் கனம். முன்பொரு நாள், அவர் வரைந்த குதிரையை யாரோ ஒருவன் பனியனில் அச்சடித்து மாட்டிக்கொண்டு அவர் எதிரிலேயே லிஃப்டில் ஏறினான். அன்றிலிருந்து சூடு கண்ட பூனை. “ஏதோ ஒரு கடையிலேர்ந்துதான் வெளியே போயிருக்கு. வேற எப்படிப் போகும்?” என்று பெற்ற மகளைக்கூட ஓரக்கண்ணால் பார்க்கிறார்.

அதற்கு ஒரு தந்திரமும் வைத்திருக்கிறார். அசலை யாருக்கும் தருவதில்லை. அதைச் சுருக்கிச் சுருக்கி, உள்ளங்கை அளவு அச்சுக்கு மட்டுமே தாங்கும் குட்டிப் படமாக்கித் தருவார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஆள்.

இந்த முறை அதுவே வினையாயிற்று. ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வரவேற்பறைச் சுவருக்கு அவருடைய மழைப் படத்தைக் கேட்டிருந்தார்கள். ஒற்றைக் குடைக்குள் ஒரு தெருவே நெருக்கியடித்து நிற்கிற படம். ஆள் உயரத்துக்கு வேண்டும். அவர் படம் சுவர் ஏறுவது இதுதான் முதல் தடவை. சாயங்காலத்துக்குள் அச்சு போய்ச் சேராவிட்டால் ரெடிமேட் பூப்படம் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அச்சு வெளியே வந்தது. முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து, யார் ஆண் யார் பெண் என்றே தெரியவில்லை.

“என்னம்மா, மெஷின்ல ஏதோ பண்ணிட்டீங்க.”

“மெஷினைச் சொல்லாதீங்கண்ணே. புள்ளி பத்தலை.”

“முந்நூறு இருக்கே. நானே போட்டேன்.” அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று காட்டும் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

“டப்பாவில பெயிண்ட் அரை லிட்டர். மேல இருபது லிட்டர்னு எழுதிட்டா உள்ள பெயிண்ட் ஊறிடுமா? உள்ளங்கை அளவுக்கு அடிச்சா முந்நூறு. ஆள் உயரத்துக்கு இழுத்தா இருக்கிற புள்ளிதானே பரவணும்? இருபதுகூடத் தேறாது. அசலைக் கொடுங்க.”

“சுத்திச் சுத்தி இங்கதான் வருவீங்கன்னு தெரியும்.”

கடைக்காரிக்குச் சுருக்கென்றது. அவர் தந்த குட்டிப் படங்களுக்கெல்லாம் இதுவரை ஏச்சு வாங்கியவள் அவள்தான். “உங்க குடையைத் திருடி நான் மாளிகையா கட்டப்போறேன்? வேண்டாம்னா விடுங்கண்ணே. பூப்படம் மாட்டட்டும்.”

வாசல்வரை போய் மனைவிக்கு போன் போட்டார். கடையைக் குறை சொல்லத்தான் போட்டார். அந்த அம்மாவின் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது. “யாரும் பார்க்கக் கூடாதுன்னா எதுக்குங்க வரைஞ்சீங்க?”

திரும்பி வந்தார். சட்டைக்குள் கையை விட்டு, கழுத்துக் கயிற்றில் தொங்கிய பென்டிரைவை வெளியே இழுத்தார். கழற்றிக் கொடுக்க மனம் வரவில்லை. தானே குனிந்து கம்ப்யூட்டரில் செருகினார். கயிறு குட்டை. கன்னம் பெட்டியோடு ஒட்ட, அப்படியே மடங்கி நின்றார். அங்கிருந்து திரை தெரியாது.

கடைக்காரி படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். உடையவே இல்லை. படத்தின் ஓரம்வரை நகர்த்திப் பார்த்தாள்.

“அண்ணே, ஓரத்துல நிக்கிற பொண்ணோட பொத்தான்ல நூல் பிரிஞ்சிருக்கிறதுகூடத் தெரியுது. பிரிண்ட் கொடுத்துடவா?”

உஷாரண்ணன் “ம்” என்றார். பிறகு, குனிந்த நிலையிலேயே, கண்களை மூடிக்கொண்டார்.