உள்ளே வர மறுத்த ரயில்

நைனா குவைத்துக்குப் போகும் முன் தோட்டத்தில் எனக்குப் பொம்மை ரயில் பாதை போட்டுக் கொடுத்தார். ரயில், அங்கிருக்கும் கொட்டகைக்குள்ளிருந்து சுவரின் ஒரு ஓட்டை வழியாக வெளியே போய், கொய்யா மரத்தைச் சுற்றி, இன்னொரு ஓட்டை வழியாக உள்ளே வரும்.

இப்போது எலியும் அந்த வழியாக வருகிறது.

"கதவு போட்டுடறேம்மா," என்றேன்.

"போடு பாப்போம். நாளைக்குக் காலையில மேஸ்திரி வராரு. ஓட்டை தெறந்துக்கினு இருந்தா சிமெண்ட்டுதான்," என்றாள் அம்மா.

பள்ளி விட்டதும் புத்தூர் இரும்புக் கடையில் கதவு மாட்டச் சின்னக் கீல் கேட்டேன்.

"கோழிக்கூண்டுக்காம்மா?"

"ரயிலுக்கு, அண்ணா."

"அப்போ ஸ்டேஷன்ல போய்க் கேளு!"

கடையே சிரித்தது.

இரண்டு கதவுகளையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிவிட்டேன். ரயில் முட்டித் திறந்துகொண்டு அழகாக வெளியே போனது. கை தட்டினேன். சுற்றி வந்து, மூடிய கதவில் முட்டி நின்றது. சக்கரம் மட்டும் சுழன்றது.

அந்தக் கதவைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். ஆணித் துளை பெரிதாகி, ஆணி நிற்கவில்லை. கதவு கையோடு வந்துவிட்டது.

நைனாவுக்குப் படம் அனுப்பினேன். இன்னும் பார்க்கவில்லை.

அம்மா தூங்குகிறாள். அவள் போனில்தான் இதை எழுதுகிறேன். ஆணித் துளையை இறுக்க யாருக்காவது வழி தெரியுமா? எழுதிச் சொல்லுங்கள். தயவுசெய்து போன் மட்டும் பண்ணாதீர்கள்.