அருவிக்கரையில் எடுத்த பெரட்டு

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். கூலியாள்கள் குடியிருக்கிற லயத்தில் ஒருத்திக்குச் சாமி வந்துவிட்டது என்று ஓடிவந்து சொன்னால்கூட, 'காலையில் கஞ்சி குடித்தாளா என்று முதலில் கேளுங்கள்' என்பேன். அப்படிப்பட்டவன் சொல்கிறானே என்பதற்காகவாவது நீங்கள் இதைக் கடைசிவரை கேட்க வேண்டும், அப்புறம் நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பயத்தால் இத்தனை நாள் நான் இதைச் சொல்லாமல் இருக்கவில்லை. வெட்கத்தால் சொல்லவில்லை.

அப்போது நான் மலாயாவில் ஜொகூரில், சாஆ என்கிற ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக இருந்தேன். கிராணி வேலையில் முதல் வேலை பெரட்டு. விடிவதற்கு முன்னால் ஆள்களெல்லாம் களத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள், நான் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவேன், 'இருக்கேன்' என்று பதில் வந்தால் கோடு போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போவேன். முழுத் தோட்டத்தையும் ஒரு சுருட்டு குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுவேன் என்று எனக்குத் தலைக்கனம். தொரைகூட ஒருமுறை மெச்சியிருக்கிறார், அதை நான் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த வரிசையில் அங்கமுத்து என்று ஒருவன் இருந்தான். மரத்துக்கு வலிக்காமல் பட்டை சீவுகிற நல்ல வெட்டுக்காரன், ஆனால் திக்குவாய். பேரைக் கூப்பிட்டதும் 'இ... இ...' என்று கழுத்து நரம்பு புடைக்க நிற்பான், வார்த்தை வராது. எனக்குப் பொறுக்காது. "இருக்கான், இருக்கான்" என்று நானே சொல்லிவிட்டு அடுத்த பேருக்குத் தாண்டிவிடுவேன். களமே சிரிக்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நான்கு வருஷம் இப்படித்தான் நடந்தது. லயத்தில் சிலர் அப்படியே என் குரலில் அதைச் சொல்லிக்காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. இதை இப்போது சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ரப்பர் விலை விழுந்து, வாரத்தில் மூன்று நாள்தான் பால்வெட்டு என்று வந்த காலம் அது. மற்ற நாள்களில் என்ன செய்வது என்று தெரியாமல் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருநாள் கையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் வருகிற ஓடையின் கரையோடு மேலே நடந்தேன். எல்லைக் கல்லைத் தாண்டினால் காடு. பத்து வருஷமாக அங்கே இருக்கிறவர்கள்கூட அந்தக் கல்லுக்கு அப்பால் போனதில்லை, போக என்ன அவசியம்? நான் ஒரு மணி நேரம்தான் நடந்திருப்பேன், ஓர் இரைச்சல் கேட்டது, இரண்டு பாறைகளுக்கு நடுவே நுழைந்து அந்தப் பக்கம் போனால் அருவி.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று படியாக இறங்குகிற அருவி. மேலே விழும்போது பால் விடாத தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கிற தண்ணீர், கீழே மடுவில் வெள்ளை மணல் மேல் பரவும்போது அடி தெரிகிற அளவுக்குத் தெளிந்து கிடந்தது. சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் பெரணிச் செடிகள். தலைக்கு மேல் ஒரு பெரிய இருவாச்சி பறந்து போனபோது அதன் இறக்கைச் சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நம் வீட்டுப் பின்னாலேயே இப்படி ஒன்று இருந்திருக்கிறது, நாம் தகர வாளியில் பிடித்துக் குளித்துக்கொண்டிருந்தோமே என்று நினைத்தேன்.

திரும்பி வந்து எல்லாரிடமும் அளந்தேன். கண்டுபிடித்தவன் நான் என்று 'கிராணி அருவி' என்றே பேர் வைத்துவிட்டார்கள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில் இருந்து மூங்கிலும் பிரம்பும் வெட்டப் போகிற பாக் சாலே என்கிற மலாய்க்காரர் மட்டும் சிரித்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அங்கே போய் வருகிறார்களாம்.

அடுத்த வெட்டு இல்லாத நாளில் இருபத்துமூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். புளிச்சோறு, கருவாட்டுத் துவையல், ஒரு வாளி தேத்தண்ணீர். அங்கமுத்து தனியாக வந்தான். அவன் பெண்சாதி காத்தாயி பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகவில்லை, வரவில்லை. எல்லைக் கல்லருகே பாக் சாலே எதிரே வந்தார். "ஜாங்ஙான் பங்கில் நாமா, கிராணி" என்றார். அந்த இடத்தில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாதே, வேண்டுமானால் கையைத் தட்டு, ஆள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தலையை எண்ணு என்று மலாயில் விளக்கமாகவே சொன்னார். நான் "பாய்க், பாய்க்" என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் ஆள்களை வேலை வாங்குகிற மண்டோர் கோவிந்தனைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அன்றைக்கு அந்த ஜனங்கள் பட்ட சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு அருவிக்குக் கீழே நின்றுகொண்டு வரவே மாட்டேன் என்றார்கள். வயசான ஆள்கள் மணலில் மல்லாந்து கிடந்தார்கள். அங்கமுத்து மட்டும் பாறையைப் பிடித்து மேல் படிக்கு ஏறினான். அங்கே இரைச்சலில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது, அதனால் யாரும் அவனிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அவன் வாய் அசைவதைப் பார்த்தேன். பாடினானோ, பேசினானோ, முகம் மலர்ந்திருந்தது. அப்படி ஒரு முகம் அவனுக்கு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்று மணி இருக்கும், மலைப் பக்கம் கறுத்தது. பிறகு கொட்டியது. மடுத் தண்ணீர் கண்ணெதிரே சிவந்து ஏறியது. எல்லாரையும் கரையேற்றி, ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தினேன். தலையை எண்ணியிருந்தால் போதும். ஆனால் எனக்குப் பழக்கதோஷம், கூடவே மிடுக்கு. களத்தில் நிற்பதுபோல் நின்றுகொண்டு மனப்பாடமாகப் பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். மழையில் எதிரே நிற்பவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள்.

"அங்கமுத்து!" என்றேன்.

"இருக்கான், இருக்கான்" என்று பதில் வந்தது.

என் வலது தோளுக்குப் பின்னால் இருந்து வந்தது. என் குரல். என் அவசரம், என் எரிச்சல் எல்லாம் அப்படியே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் வழக்கம்போல் சிரித்தார்கள். கோவிந்தன்தான் என்னைப் போல் பேசிக்காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன், எனக்கும் சிரிப்பு வந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதில் சொன்னது அங்கமுத்து இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த பேருக்குப் போனேன். என் வெட்கம் அந்த இடத்தில் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது காத்தாயி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அவரு எங்கங்க ஐயா?" என்றாள்.

"பின்னாடி வருவான். பெரட்டு எடுத்துட்டுத்தானே வந்தேன்."

பின்னால் யாரும் வரவில்லை. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இருக்கான்னு சொன்னாங்களே" என்றாள் ஒருத்தி.

"யாரு சொன்னா?" என்று காத்தாயி கேட்டாள்.

"கிராணி ஐயாதான். எப்பவும் சொல்ற மாதிரி."

நான் கோவிந்தனைப் பார்த்தேன். "நீதானடா சொன்ன?"

"நானா? ஐயா, நான் ஒங்களுக்கு நேரே முன்னால நின்னேன். நீங்கதான் சொன்னீங்க. நான் என் காதால கேட்டேன்." அவன் பொய் சொல்கிறவன் இல்லை. இருபத்திரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். என் பின்னால் யார் நின்றது என்று கேட்டேன். யாரும் நிற்கவில்லை, மரம்தான் இருந்தது என்றார்கள்.

உடனே ஓடினோம். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஓடை ஆறாகி இருந்தது, கயிறு கட்டிப் பார்த்தும் தாண்ட முடியவில்லை. வெள்ளம் வடிந்து, பாக் சாலே முன்னால் போக, மறுநாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தோம். நடந்ததை வழியில் அவரிடம் சொன்னேன், அவர் நடையை எட்டிப்போட்டார். அங்கமுத்து மேல் படியிலிருந்து வழுக்கி, கரையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பாறை இடுக்கில் கிடந்தான். உயிர் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறியிருந்தது. பால் வாளி சுமக்கிற காண்டாக் கம்பில் சாக்கைக் கட்டித் தூக்கி வந்து சிகாமட் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலை எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்கப் போனேன். காத்தாயி பிள்ளைக்குப் பால் கொடுக்க வெளியே போயிருந்தாள். அவன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான், அதுவே எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் அவனாகவே சொன்னான்.

"ஐ... ஐயா, அந்த எ... எரைச்சல்லயும் நீங்க பேரு கூ... கூப்ட்டது கேட்டுச்சு. நான் வா... வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ... நீங்களே வந்துட்டீங்க."

"வந்தேனா? எங்க வந்தேன்?"

"பா... பாறைக்கு. என் தலமாட்டுல நின்னீங்க. கு... குனிஞ்சு பாத்தீங்க. இருக்கான், இருக்கான்னு சொன்னீங்க." இந்த இரண்டு வார்த்தையை மட்டும் அவன் திக்காமல் சொன்னான். "அ... அம்மாம் மழையில ஒங்க ச... சட்டையில ஒரு சொட்டு ஈரமில்ல. அப்புறம் சி... சிரிச்சிட்டுப் போய்ட்டீங்க. ஏ... ஏன் ஐயா சிரிச்சீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"நான் இல்ல அங்கமுத்து. நான் கரையிலதான் நின்னேன், அத்தன பேரும் பாத்தாங்க, வேணும்னா கேட்டுப் பாரு" என்று என்னென்னவோ சொன்னேன். அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பக்கத்துக் கட்டில்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ச... சரிங்க ஐயா" என்றான். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் நம்பவில்லை. ஆனால் இதை அவன் காத்தாயியிடம்கூடச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. சொல்லியிருந்தால் அவள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள், விடாமல் இருந்திருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒற்றைக் காலோடு பால் வெட்ட முடியாது என்று, அடுத்த ஆறு மாதத்தில் மூன்று பேரையும் ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். வழியனுப்ப நான் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

வலியிலும் குளிரிலும் அவனுக்குப் புத்தி தடுமாறியிருக்கும், தினமும் பார்த்த என்னையே கண்டிருப்பான் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரி, அவனுக்குப் புத்தி தடுமாறியது என்றே வைத்துக்கொள்ளுங்கள், கரையில் நின்ற இருபத்திரண்டு பேருக்குமா தடுமாறியது? எனக்குமா?

நான் அந்த அருவிக்கு அப்புறம் போகவில்லை, வேறு யாரும் போனதாகவும் கேள்விப்படவில்லை. இப்போது பத்து பாகாட் என்கிற ஊரில் ஒரு கடையில் எழுத்து வேலை பார்க்கிறேன், அங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. தோட்டத்தை விட்டு வருகிற அன்று கோவிந்தனைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டேன்.

"ஏன்டா, பெரட்டுல அவனுக்குப் பதிலா நான் சொல்றப்ப, நான் சிரிப்பேனா?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஒங்களுக்கே தெரியாதா ஐயா? வெளக்கத் தூக்கி அவன் மூஞ்சியப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பீங்க. அப்புறந்தான் அடுத்த பேரு. தெனமும் அப்படித்தான்."

எனக்குத் தெரியாது. இதை மட்டுமாவது நம்புங்கள், அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஒரு வழி இருக்கிறது, காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் போதும். இன்றைக்குக் காலையிலும் வாய்வரை வந்தது, சொல்லவில்லை.