வால் சக்கர விமானம் கவிழ்ந்த இடம்: விழுப்புரம் பக்கம் ஒரு ஞாயிறு

என் கணவர் பாஸ்கர் போன வைகாசியில் இறந்த இடத்தை நான் பார்த்ததில்லை. உடலைச் சென்னைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தை மாதக் கடைசி ஞாயிறன்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை என்பதுதான் உண்மை.

கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தரைக்கு விழுப்புரம் பேருந்து. திண்டிவனத்தில் பத்து நிமிடம் நிற்கும். அங்கேயே இட்லி சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் ஒன்றும் கிடைக்காது. அங்கே ஏறிய ஒருவர் பக்கத்து இருக்கையில் இருந்த என் பையைக் காட்டி, "ஆள் வர்றாங்களா?" என்றார். இல்லை என்று பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் திருவெண்ணெய்நல்லூர் பஸ் பிடித்து, பாதி வழியில் இறங்கி ஆட்டோ எடுத்தேன். நூற்றைம்பது ரூபாய்.

"பழைய ரன்வேக்கா? பிளேன் வுழுந்த எடம்தானே? இப்ப நெல்லு காய வெச்சிக்கினு இருப்பாங்க. நீங்க யாரும்மா?"

"அதை ஓட்டினவர் வீட்டுக்காரி."

அதன்பிறகு டிரைவர் மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட சிமெண்ட் தளம் அது. நண்பரின் பழைய விமானத்தைச் சேலத்துக்கு ஓட்டிப்போனபோது எஞ்சின் திணறி, பாஸ்கர் இதில் இறக்கப் பார்த்தார். அந்தக் காலத்து விமானங்களுக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கடியில் ஒரு குட்டிச் சக்கரம். வால் தரையைத் தொட்டதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். நானும் அதில் உட்கார்ந்திருக்கிறேன். நேர் எதிரே எஞ்சின் மூடியைத் தவிர எதுவும் தெரியாது. எடை அந்தப் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் விழுவதால், பக்கக் காற்று வாலைத் தள்ளினால் வண்டி காற்றை நோக்கிச் சடாரென்று சுழன்றுவிடும். இறங்கிய பிறகுதான் ஆபத்து என்று அவரே சொல்வார்.

தளத்தின் ஓரத்தில் ஒரு செங்கல் நட்டு மஞ்சள் பூசி, சாமந்தி வைத்திருந்தார்கள். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், ஆட்டோ டிரைவர் விஷயத்தைச் சொன்னதும் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெயர் அஞ்சலை. நாற்பது வயதிருக்கும்.

"என்னாலதாம்மா போயிட்டாரு. மல்லாட்டை, அதாம்மா வேர்க்கடலை, காய வெச்சிக்கினு இருந்தேன். நேரா என்னாண்ட வந்துச்சு. காலு நவுரல. என்னெப் பாத்துட்டு அவரு திருப்பினாரு, பள்ளத்துல வுழுந்துச்சு. அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. எங்க ஊருல அவரு சாமிங்க."

மற்ற பெண்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டுப் போனவர். தனியாக விழித்துக் கிடக்கும் ராத்திரிகளில் நினைத்துக்கொள்ள எனக்கு வேறென்ன வேண்டும்? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"வால் தரையில் பட்டிருந்ததா?" என்று கேட்டேன்.

"ஆமா, குட்டிச் சக்கரம் உருண்டுக்கினுதான் வந்துச்சு."

"காற்று?"

"மேலக் காத்து. தார்ப்பாயையே தூக்கிக்கினு போச்சு. பிளேனு காத்து வந்த பக்கந்தான் திரும்புச்சு."

அவர் கண்களைப் பார்த்தேன். ஒன்பது மாதமாகத் தூங்காத கண்கள்.

"அஞ்சலை, அவர் கண்ணுக்கு நீங்கள் தெரிந்திருக்கவே மாட்டீர்கள். வால் இறங்கிவிட்டால் முன்னால் யார் நின்றாலும் தெரியாது. அவர் திருப்பவில்லை, காற்று திருப்பிவிட்டது. நீங்கள் இல்லாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும்."

"நெசமாவா?"

"அவர் மேல் ஆணையாக."

அஞ்சலை அப்படியே நெல்லின் ஓரமாக உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவர் தூக்குவாளியைத் திறந்து கேப்பைக் கூழ் ஊற்றிக் கொடுத்தார். இருவரும் குடித்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: நிழலே கிடையாது, பத்து மணிக்குள் போய்விடுங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள். காயும் நெல்லை மிதிக்காதீர்கள். நான் போகும்போது என் கணவர் விபத்தில் இறந்தவர். அங்கே கொஞ்ச நேரம் சாமியாக இருந்தார். திரும்பும்போது மறுபடியும் விபத்தில் இறந்தவர், அவ்வளவுதான். விழுப்புரத்தில் பஸ் ஏறியதும் இதைப் பாஸ்கரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, போனைக்கூட எடுத்துவிட்டேன்.